வேலையாள் படுத்துவிட்டால் யார் பொறுப்பு?

(சிறுதொழில் புரிவோருக்கான தொலைக்காட்சிக் கருத்தரங்கில், பினாங்கு ஜார்ஜ்டவுனில் அச்சகம் நடத்தும் ஒருவர் ஆற்றிய உரையும், அதன்பின் நேயர்கள் கேட்ட கேள்விகளுக்கு அவர் அளித்த பதில்களும்.)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு தொழிலாளர் நலமும் மருத்துவக் காப்புறுதியும். தலைப்பைக் கேட்டவுடனே வீட்டில் சிலர் வேறு அலைவரிசைக்கு மாறியிருப்பீர்கள். மாறாமல் இருப்பவர்களுக்கு நன்றி. நான் வழக்கறிஞர் அல்ல. காப்புறுதி முகவரும் அல்ல. இங்கே எதையும் விற்க வரவில்லை. கல்யாணப் பத்திரிகை, ரசீதுப் புத்தகம், கோயில் திருவிழா அறிக்கை அச்சடித்துக் கொடுக்கும் சிறிய அச்சகம் நடத்துகிறவன். என்னிடம் வேலை செய்பவர்கள் ஆறு பேர். சட்டம் எனக்குத் தெரியவந்தது படிப்பினால் அல்ல, நான் செய்த ஒரு தவற்றினால். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் கடையில் நடந்தது

1990களின் பிற்பகுதி. அப்போது என்னிடம் இருந்தவர்கள் மூன்று பேர்தான். அவர்களில் மூத்தவர் மெஷின் ஓட்டுபவர். அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். எனக்குத் தொழில் கற்றுக் கொடுத்ததே அவர்தான். பட்டர்வொர்த்தில் வீடு. தினமும் மோட்டார் சைக்கிளை ஃபெரியில் ஏற்றி இக்கரைக்கு வந்து போவார்.

ஒரு சனிக்கிழமை மாலை வேலை முடித்து, அக்கரையில் இறங்கி வீட்டுக்குப் போகும் வழியில் லாரி இடித்துத் தள்ளிவிட்டது. தொடை எலும்பு முறிந்தது. அரசாங்க மருத்துவமனையில் சேர்த்தார்கள். நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். "அண்ணே, ஒன்றுக்கும் கவலைப்படாதீர்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று கையைப் பிடித்துச் சொன்னேன். மனசாரத்தான் சொன்னேன்.

முதல் மாதம் முழுச் சம்பளம் கொடுத்தேன். இரண்டாவது மாதம் பாதி கொடுத்தேன். அவர் இடத்தில் வேறு ஆளை வைத்தாக வேண்டும், அந்த ஆளுக்கும் சம்பளம். பேப்பர் கடைக்காரருக்குப் பாக்கி. மூன்றாவது மாதம் என்னால் முடியவில்லை. அவர் மனைவி கடைக்கு வந்தார். நின்றுகொண்டே பேசினார். "தம்பி, உங்களைக் குறை சொல்ல வரவில்லை. இந்த மாதம் வீட்டு வாடகைக்கு என்ன செய்வது என்று மட்டும் சொல்லுங்கள்" என்றார். எனக்குப் பதில் இல்லை.

அப்போது கணக்கு எழுதிக் கொடுக்க வந்தவர் கேட்டார்: "இவருக்கு சொக்சோ இருக்குமே, ஏன் கேட்கவில்லை?" நான் தலையைக் குனிந்தேன். மூன்று பேரையுமே நான் பதிவு செய்யவில்லை. சிறிய கடைதானே, நம் ஆட்கள்தானே, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். சொக்சோ ஆரம்பித்த காலத்தில் ஐந்து பேருக்குக் குறைவாக வைத்திருந்தால் கட்டாயமில்லை. அந்தப் பழைய கதையை என் அப்பா காலத்திலிருந்து கேட்டு, அதையே நம்பிக்கொண்டிருந்தேன். 1992 ஜூலையிலேயே ஒரே ஒரு தொழிலாளி இருந்தாலும் பதிய வேண்டும் என்று சட்டம் மாறிவிட்டது எனக்குத் தெரியாது.

பிறகு போய் உண்மையைச் சொன்னேன். விசாரணை நடந்தது. பழைய சந்தாவை வட்டியோடு கட்டினேன். வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் நடந்த விபத்து என்பதற்கு போலீஸ் புகார், மருத்துவச் சான்று, வரைபடம் எல்லாம் தேடிக் கொடுத்தோம். அவருக்கு உதவித்தொகை வந்தது. ஆனால் முறையாகச் செய்திருந்தால் சில வாரங்களில் வந்திருக்க வேண்டியது, என் அலட்சியத்தால் பல மாதம் இழுத்தது. அந்த மாதங்களில் அண்ணியின் கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று. அண்ணன் கால் சற்றே தாங்கியபடி திரும்பி வந்து, அறுபது வயது வரை என்னிடமே வேலை செய்தார். ஒருநாளும் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால்கூட எனக்குப் பாரம் குறைந்திருக்கும்.

நேயர்களே, இதில் நான் கற்றது ஒன்றுதான். நம்மைப் போன்ற சிறு முதலாளிகளுக்கு மனசு பெரிது, கல்லாப்பெட்டி சிறிது. மனசை நம்பி "பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிடுகிறோம். கல்லாப்பெட்டி இரண்டு மாதத்தில் கையை விரித்துவிடுகிறது.

மூன்றும் வேறு வேறு

நம்மவர்களிடம் பேசும்போது ஒரு குழப்பத்தைப் பார்க்கிறேன். சொக்சோ, மருத்துவ விடுப்பு, மருத்துவ அட்டை மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். "சொக்சோ கட்டுகிறேனே, ஆஸ்பத்திரிச் செலவை அவர்கள் பார்க்கமாட்டார்களா?" என்று கேட்பவர்கள் உண்டு. "மெடிக்கல் கார்டு வாங்கிக் கொடுத்துவிட்டேன், சொக்சோ எதற்கு?" என்று கேட்பவர்களும் உண்டு. இரண்டும் தவறு.

முதலாவது சொக்சோ. 1969ஆம் ஆண்டு தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 1971ல் அமைந்தது. இது கட்டாயம். வேலை விபத்துக்கும், தொழிலால் வரும் நோய்க்கும், உழைக்க முடியாத செயலிழப்புக்கும் உரியது.

இரண்டாவது மருத்துவ விடுப்பும் கிளினிக் செலவும். இது 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் வருகிறது. இதுவும் கட்டாயம். சாதாரணக் காய்ச்சல், வயிற்றுவலிக்கும் இதுதான்.

மூன்றாவது மருத்துவக் காப்புறுதி, அதாவது மருத்துவ அட்டை. உள்நாட்டுத் தொழிலாளிக்கு இதை வாங்கிக் கொடுக்கும்படி சட்டம் முதலாளியைக் கட்டாயப்படுத்தவில்லை. முடிந்தவர் செய்யலாம். ஆனால் அந்நியத் தொழிலாளி என்றால் கணக்கு வேறு. அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்தியாவில் இருந்து வந்தவர்கள் ஏன் குழம்புகிறார்கள் என்றால், அங்கே 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடக்கும் இ.எஸ்.ஐ. திட்டத்தில் ஆஸ்பத்திரியும் மருந்தும் அந்தத் திட்டத்திற்குள்ளேயே இருக்கின்றன. கோயம்புத்தூரில் 1955லேயே அது வந்துவிட்டது. தொழிலாளியின் குடும்பத்தாருக்குக்கூட சாதாரண நோய்க்கு அங்கே சிகிச்சை உண்டு. நம் நாட்டில் சாதாரண நோய்க்கு அரசாங்க மருத்துவமனை குறைந்த கட்டணத்தில் இருப்பதால், சொக்சோவின் வேலை வேறாக அமைந்தது. நம் பாட்டன்மார் தோட்டத்தில் இருந்தபோது தோட்டத்து ஆஸ்பத்திரி இருந்தது, டிரஸ்ஸர் இருந்தார். அந்த வசதியை நிர்வாகம் செய்து தர வேண்டும் என்று சட்டம் இருந்தது. பட்டணத்துக் கடைக்கு வந்த பிறகு டிரஸ்ஸர் இல்லை. அவர் இடத்தில் இப்போது நாம்தான் இருக்கிறோம்.

ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி

சொக்சோ கணக்கைப் பார்ப்போம். அறுபது வயதுக்கு உட்பட்ட தொழிலாளிக்கு முதலாளியின் பங்கு சம்பளத்தில் ஏறக்குறைய 1.75 விழுக்காடு, தொழிலாளியின் பங்கு 0.5 விழுக்காடு. அறுபது வயதைத் தாண்டியவருக்கும், ஐம்பத்தைந்துக்குப் பிறகு முதன்முறையாகச் சேருபவருக்கும் முதலாளி மட்டும் 1.25 விழுக்காடு கட்டினால் போதும். இதோடு 2018ல் வந்த வேலை காப்புறுதித் திட்டம் ஒன்று உண்டு. வேலை போனவர்களுக்கு உதவுவது. அதற்கு இருவரும் தலைக்கு 0.2 விழுக்காடு. கணக்கில் எடுக்கும் சம்பள உச்சவரம்பு 2024 அக்டோபரிலிருந்து 6,000 வெள்ளி. அதற்கு மேல் வாங்குபவருக்கும் அந்த உச்சவரம்பு அளவுக்குச் சந்தா கட்டவே வேண்டும்.

குறைந்தபட்சச் சம்பளம் 2025ல் 1,700 வெள்ளியானது. அந்தச் சம்பளத்துக்கு முதலாளி கட்டுவது சொக்சோவுக்கு 28 வெள்ளி 85 காசு, வேலை காப்புறுதிக்கு 3 வெள்ளி 30 காசு. இரண்டும் சேர்த்து மாதம் 32 வெள்ளி 15 காசு. ஒரு நாளைக்கு ஒரு வெள்ளிக்குச் சற்று அதிகம். இந்தக் காலத்தில் ஒரு வெள்ளிக்குத் தே தாரேக்கூடக் கிடைக்காது.

இதற்கு என்ன கிடைக்கிறது? வேலை செய்யும்போது அடிபட்டாலும், வேலைக்கு வரும் வழியிலும் போகும் வழியிலும் விபத்து நேர்ந்தாலும், வேலை விஷயமாக வெளியே போகும்போது நேர்ந்தாலும் பாதுகாப்பு உண்டு. சிகிச்சைச் செலவு உண்டு. நான்கு நாளுக்குக் குறையாமல் மருத்துவ விடுப்பு கொடுத்திருந்தால், தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு தருகிறார்கள். ஒரு நாள் சராசரிச் சம்பளம் 55 வெள்ளி என்றால் 44 வெள்ளி. என் அண்ணனுக்கு இது உரிய நேரத்தில் வந்திருந்தால் அண்ணி என் கடை வாசலில் வந்து நின்றிருக்கமாட்டார். நிரந்தர ஊனம் என்றால் மருத்துவ வாரியம் அளவிட்டுச் சொல்லும். விபத்தில் இறந்துவிட்டால் மனைவி மக்களுக்கு மாதாமாதம் சார்ந்தோர் அனுகூலம் உண்டு. மீண்டும் வேலைக்குத் திரும்ப உதவும் திட்டம் 2007லிருந்து இருக்கிறது. மலாக்காவில் இதற்கென்றே ஒரு மறுவாழ்வு மையம் 2014ல் திறக்கப்பட்டது.

இன்னொன்றைக் கவனமாகக் கேளுங்கள். வேலை விபத்துக்குப் பாதுகாப்பு முதல் நாளிலிருந்தே உண்டு. ஆனால் செயலிழப்பு ஓய்வூதியம் அப்படி அல்ல. அது வேலையோடு சம்பந்தமில்லாத நோய்க்கும் உரியது. பக்கவாதம், சிறுநீரகக் கோளாறு, இருதய நோய் வந்து இனி உழைக்க முடியாது என்று ஆனவருக்கு அது சோறு போடுகிறது. சராசரிச் சம்பளத்தில் பாதி முதல் 65 விழுக்காடு வரை மாதாமாதம் கிடைக்கும். அந்த முழுத் தகுதி பெற, முந்தைய 40 மாதங்களில் 24 மாதச் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்பது ஒரு விதி. நீங்கள் ஆறு மாதம் கட்டி ஆறு மாதம் விட்டால், உங்களுக்கு மிச்சமாவது சில நூறு வெள்ளி. அவருக்கு இழப்பாவது வாழ்நாள் ஓய்வூதியமாக இருக்கலாம். மருத்துவர் எழுதிக் கொடுக்கும் நாளில் போய் பழைய மாதங்களை எண்ணும்போதுதான் இது தெரியவரும். அப்போது கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்த கதைதான்.

தேதிகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆளை வேலைக்கு எடுத்த 30 நாளுக்குள் பதிவு. ஒவ்வொரு மாதச் சந்தாவும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள். விபத்து நடந்தது தெரிந்தால் 48 மணி நேரத்துக்குள் தகவல். தாமதமானால் வட்டி. பதியாமல் விட்டால் பத்தாயிரம் வெள்ளி வரை அபராதம், இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு.

மருத்துவ விடுப்பு தர்மம் அல்ல

அடுத்தது விடுப்பு. "உடம்பு சரியில்லை என்றால் நான் லீவு கொடுப்பேன் சார், ஆனால் சம்பளம் கிடையாது" என்று பெருமையாகச் சொல்லும் முதலாளிகளைப் பார்த்திருக்கிறேன். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இரண்டு வருடத்துக்குக் குறைந்த சேவை என்றால் வருடம் 14 நாள், இரண்டிலிருந்து ஐந்து வருடத்துக்குள் 18 நாள், ஐந்து வருடமும் அதற்கு மேலும் 22 நாள், எல்லாம் சம்பளத்தோடு. மருத்துவமனையில் சேர வேண்டி வந்தால் 60 நாள். முன்பு இந்த 60 நாளுக்குள்ளேயே சாதாரண மருத்துவ விடுப்பும் அடங்கியிருந்தது. 2023 ஜனவரி முதல் தேதி நடப்புக்கு வந்த திருத்தத்தில் இரண்டும் தனித்தனியாகிவிட்டன. அந்தத் திருத்தத்தோடு சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் எல்லாத் தொழிலாளிக்கும் இந்த உரிமை வந்துவிட்டது. பிரசவ விடுப்பு 98 நாளானது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. விடுப்புக்கான மருத்துவப் பரிசோதனைச் செலவு முதலாளியுடையது. நீங்கள் ஒரு கிளினிக்கை நியமித்திருந்தால் தொழிலாளி அங்கே போக வேண்டும். நியமிக்கவில்லை என்றால், அல்லது அவசரத்துக்கு அந்த மருத்துவர் கிடைக்கவில்லை என்றால், வேறு பதிவு பெற்ற மருத்துவரிடமோ அரசாங்க மருத்துவமனையிலோ பெற்ற சான்றும் செல்லும். ஆகவே கடைக்குப் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் பேசி, மாதக் கடைசியில் பில் அனுப்பச் சொல்லி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். நான் அப்படித்தான் செய்திருக்கிறேன். பல்லுக்கும் கண்ணுக்கும் கிடையாது, ஒருவருக்கு வருடத்துக்கு இவ்வளவு என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். ஆனால் விடுப்புக்கான பரிசோதனைச் செலவை அந்த வரம்பு தடுக்காது. சண்டையும் இல்லை, சந்தேகமும் இல்லை.

மருத்துவ அட்டை வாங்கும் முன்

சொக்சோவும் விடுப்பும் சரியாக இருந்தால், மூன்றாவது படிக்கு வரலாம். ஐந்தாறு பேர் இருந்தாலே கூட்டு மருத்துவக் காப்புறுதி தரும் நிறுவனங்கள் உள்ளன. வாங்குவதற்கு முன் முகவரிடம் சில கேள்விகள் கேளுங்கள்.

ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பாதுகாப்பு உண்டா? இது நமக்கு மிக முக்கியம். 2023ல் நடந்த தேசிய சுகாதார ஆய்வில் வயது வந்தோரில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. அதாவது ஆறு பேரில் ஒருவர். நம் இந்திய சமூகத்தில் இது மற்றவர்களைவிட அதிகம் என்பது தெரிந்த சங்கதிதான். ஆறு பேர் உள்ள என் அச்சகத்தில் இரண்டு பேர் மாத்திரை சாப்பிடுகிறார்கள். அவர்களை விலக்கிவிட்டுக் கொடுக்கும் அட்டை, யாருக்குத் தேவையோ அவருக்கு உதவாத அட்டை.

காத்திருப்புக் காலம் எவ்வளவு? பொதுவாக முதல் 30 நாள் விபத்துக்கு மட்டும்தான் பாதுகாப்பு. இருதய நோய், இரத்த அழுத்தம் போன்று பட்டியலிட்ட நோய்களுக்கு 120 நாள் காத்திருக்க வேண்டும். ஒரு நாள் அறை வாடகை எவ்வளவு, வருட உச்சவரம்பு எவ்வளவு? தொழிலாளி கையிலிருந்து போட வேண்டிய பங்கு எவ்வளவு? 2024 செப்டம்பரிலிருந்து செலவில் ஒரு பங்கைக் காப்புறுதிதாரரே ஏற்கும் திட்டங்களையும் நிறுவனங்கள் தர வேண்டும் என்று பேங்க் நெகாரா சொல்லிவிட்டது. சந்தா மலிவாக இருக்கிறது என்று அதை வாங்கிவிட்டு, ஆஸ்பத்திரி வாசலில் பணம் கேட்கும்போது தொழிலாளி திகைக்கக் கூடாது. முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அடுத்த வருடம் சந்தா எவ்வளவு ஏறும்? இது யாருக்கும் நிச்சயமாகச் சொல்ல முடியாத கேள்வி. தனியார் ஆஸ்பத்திரிச் செலவு ஏறியதால் சந்தா தாறுமாறாக உயர்ந்து, மக்கள் குரல் கொடுத்து, 2024 டிசம்பரில் பேங்க் நெகாரா தலையிட்டு உயர்வைக் குறைந்தது மூன்று வருடத்துக்குப் பிரித்து வசூலிக்கச் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். கூட்டுக் காப்புறுதி வருடாவருடம் புதுப்பிப்பது. ஒரு வருடம் கொடுத்துவிட்டு அடுத்த வருடம் நிறுத்தினால் தொழிலாளிக்கு அது பெரிய ஏமாற்றம். மூன்று வருடம் தாங்கும் தொகைக்கே போங்கள். வேலையை விட்டால் இந்த அட்டையும் போய்விடும் என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். சொந்தமாக ஒரு பாலிசி வைத்திருப்பவர் இதை நம்பி அதை விட்டுவிடக் கூடாது.

அட்டை வாங்க வசதி இல்லையா? வெட்கப்பட ஒன்றுமில்லை. நாற்பது வயது ஆனவரைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். சொக்சோ 2013ல் அந்த வயதினருக்கு இலவசப் பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு 2019ல் பெகா பி40 வந்தது. தன் பெயர் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்க அரை நாள் விடுப்பு கொடுத்தாலே பெரிய உதவி. சர்க்கரையை முன்கூட்டியே கண்டுபிடித்தால் காலையும் காப்பாற்றலாம், வேலையாளையும் காப்பாற்றலாம்.

கடல் கடந்து வந்தவர்

லிட்டில் இந்தியாவில் மார்க்கெட் ஸ்திரீட், பினாங்கு ஸ்திரீட் பக்கம் நடந்தால் நம் உணவகங்களில் பரிமாறுபவர்கள் பலர் தமிழ்நாட்டிலிருந்து வந்த பிள்ளைகள். நம் முன்னோர் எப்படி வந்தார்களோ அப்படித்தான் இவர்களும் வந்திருக்கிறார்கள். அந்நியத் தொழிலாளி அரசாங்க மருத்துவமனைக்குப் போனால், குடிமக்களைப் போல் சொற்பக் கட்டணம் இல்லை, பல மடங்கு. அதனால்தான் 2011ல் ஸ்பிக்பா என்ற மருத்துவமனைக் காப்புறுதித் திட்டம் கொண்டுவரப்பட்டது. தொடங்கியபோது வருடச் சந்தா 120 வெள்ளி, பத்தாயிரம் வெள்ளி வரை பாதுகாப்பு. 2019 ஜனவரியிலிருந்து இவர்களுக்கும் சொக்சோ வேலை விபத்துப் பாதுகாப்பு வந்தது. 2024 ஜூலையில் செயலிழப்புத் திட்டமும் சேர்ந்தது. சிங்கப்பூரில் 2023 ஜூலையிலிருந்து முதலாளி வாங்க வேண்டிய மருத்துவக் காப்புறுதி ஒருவருக்கு வருடம் குறைந்தது 60,000 சிங்கப்பூர் வெள்ளிக்கு இருக்க வேண்டும் என்று உயர்த்தினார்கள். பக்கத்து நாடுகள் எந்தத் திசையில் போகின்றன என்பது இதிலேயே தெரிகிறது.

காப்புறுதிக் காகிதத்தை அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். ஒரு நகல் அந்தப் பிள்ளையிடம் இருக்கட்டும். ராத்திரி இரண்டு மணிக்கு வயிற்றுவலி வந்தால் அவர் முதலாளியைத் தேட முடியாது.

நேயர்கள் கேள்விகள்

கேள்வி: என்னிடம் வேலை செய்பவரே, "அண்ணே, சொக்சோ பிடிக்காதீர்கள், கையில் கொடுத்துவிடுங்கள்" என்கிறார். எழுதி வாங்கிக்கொண்டால் போதுமா?

பதில்: போதாது. அப்படி எழுதி வாங்கிய காகிதம் உங்களைக் காப்பாற்றாது. சட்டக் கடமையை இரண்டு பேர் பேசித் தள்ளுபடி செய்ய முடியாது. அவர் பங்கு மாதம் பதினோரு வெள்ளி ஐம்பது காசு போலத்தான் வரும். அதைக் காட்டிக் கணக்கு சொல்லுங்கள். இன்னொன்று, உங்கள் பங்கையும் அவர் சம்பளத்திலிருந்து பிடித்துவிடக் கூடாது. அது குற்றம்.

கேள்வி: நான் சனி, ஞாயிறு மட்டும் இரண்டு பேரை நாள் கூலிக்கு வைக்கிறேன். அவர்களுக்கும் உண்டா?

பதில்: உண்டு. பகுதிநேரம், தற்காலிகம், நாள் கூலி எதுவானாலும் தொழிலாளி தொழிலாளிதான். சமையற்கட்டு அடுப்புக்கு ஞாயிற்றுக்கிழமை ஆள், வார நாள் ஆள் என்ற வித்தியாசம் தெரியாதே.

கேள்வி: ஐயா, நான் ஒண்டியாகப் பலகாரக் கடை போட்டிருக்கும் பெண். எனக்கு முதலாளியும் இல்லை, தொழிலாளியும் இல்லை. எனக்கு என்ன வழி?

பதில்: அம்மா, நல்ல கேள்வி. சொந்தத் தொழில் செய்வோருக்கென்று 2017ல் தனிச் சட்டம் வந்தது. முதலில் டாக்சி, வாடகைக் கார் ஓட்டுநர்களுக்கு. 2020 ஜனவரியிலிருந்து அங்காடி வியாபாரிகள் உட்பட வேறு பல துறைகளுக்கும் விரிந்தது. உங்களைப் போன்றவர்கள் வருடச் சந்தா கட்டிச் சேரலாம். இதைத் தவிர இல்லத்தரசிகளுக்கு 2022 டிசம்பரில் ஒரு திட்டம் தொடங்கினார்கள், வருடத்துக்கு 120 வெள்ளி. எது உங்களுக்குப் பொருந்தும் என்று சொக்சோ அலுவலகத்தில் கேளுங்கள். அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு போங்கள், நாளை மறுநாள் என்று தள்ளாதீர்கள். தள்ளியவன் கதையைத்தான் இவ்வளவு நேரம் கேட்டீர்கள்.

கேள்வி: எல்லாவற்றையும் கட்டினால் எங்களுக்கு என்ன மிஞ்சும்? அரசாங்கம் சிறு முதலாளியையும் பார்க்க வேண்டாமா?

பதில்: உங்கள் வருத்தம் எனக்கும் உண்டு. வாடகை ஏறுகிறது, சாமான் ஏறுகிறது. மருத்துவ அட்டை விஷயத்தில் சிறு தொழிலுக்குச் சலுகை வேண்டும் என்று கேட்பது நியாயம். நம் சங்கங்கள் சேர்ந்து நின்று, பல கடைகளுக்கு ஒரே கூட்டுக் காப்புறுதி பேசினால் விலை குறைய வழி உண்டு. அதை நாம் செய்ய வேண்டும். ஆனால் சொக்சோவை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது செலவுப் பட்டியலில் கடைசியில் வருவதல்ல. அரிசி வாங்குவது போல, கரண்டு பில் கட்டுவது போல, முதலில் வருவது.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். இன்றும் மாதம் பதினைந்தாம் தேதிக்கு முன்னால் சந்தாவைக் கட்டிவிட்டு, ரசீதை நானே கோப்பில் வைப்பேன். பிள்ளைகள் "அதுதான் கணினியில் இருக்கிறதே அப்பா" என்பார்கள். இருக்கட்டும். அந்தக் கோப்பைத் திறக்கும்போதெல்லாம் கடை வாசலில் நின்று வாடகைக்கு வழி கேட்ட அண்ணியின் முகம் எனக்கு நினைவுக்கு வரும். உங்கள் கடை வாசலில் அப்படி ஒருவர் வந்து நிற்கும் நாள் வரக்கூடாது. இந்த நிகழ்ச்சி முடிந்ததும் உங்கள் சம்பளப் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே சந்தா இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நாளைக் காலை முதல் வேலை அதுவாக இருக்கட்டும்.